சாவி யாரிடம்? பூட் ஆகாத மடிக்கணினியும் பொறுப்பேற்காத பல்கலைக்கழகங்களும்

புதிய இயங்குதளம் ஒன்றை நிறுவியபின் மடிக்கணினி எழ மறுத்தால், ஆய்வு மாணவருக்கு இரண்டு பதில்கள் காத்திருக்கின்றன. துறையில் கிடைப்பது: "யார் உன்னை அதில் கைவைக்கச் சொன்னது?" கடையில் கிடைப்பது: "ஃபார்மட் அடித்துவிடலாம்." முதல் பதில் பழியை மாணவர்மேல் போடுகிறது. இரண்டாவது பதில் தடயத்தையே துடைத்துவிடுகிறது. இயந்திரம் எந்த இடத்தில் நின்றது, எதனால் நின்றது என்று இருவரும் கேட்பதில்லை.

அப்படிக் கேட்காமல் போவதன் விலை சிறிதன்று. ஹவுராவின் ஷிப்பூர் பகுதியில் விடுதியிலோ வாடகை அறையிலோ தங்கி ஆய்வு செய்யும் ஒரு தமிழ் மாணவரின் மடிக்கணினியில் என்ன இருக்கும்? நான்காண்டு அளவீடுகள், பாதி எழுதிய இயல்கள், நெறியாளரின் திருத்தங்கள், இன்னும் வெளிவராத கட்டுரைக்கான வரைபடங்கள். வீடோ சென்னைவரை மட்டுமே ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் ரயில் தொலைவுக்கு அப்பால் இருக்கிறது. கடையில் பேசப்படுவது வங்காளமும் இந்தியும்; திரையில் தெரிவது ஆங்கிலம். அந்த மொழிகளுக்கு நடுவே நின்று, வேறு வழி தெரியாமல், "சரி" என்று அவர் தலையசைத்தால், நான்காண்டு உழைப்பு சில நிமிடங்களில் போய்விடும். அதன்பிறகு அதே துறை அவரிடம் ஆய்வின் முன்னேற்ற அறிக்கையைக் கேட்கும்.

இப்பதிவின் வாதம் மூன்று கூற்றுகளில் அடங்கும். புதிய இயங்குதளத்தை நிறுவுவது ஆய்வாளரின் விளையாட்டுத்தனம் அன்று. பல துறைகளில் அது ஆய்வின் முன்தேவை. நிறுவியபின் கணினி எழாமல் போவது பெரும்பாலும் தரவின் அழிவு அன்று; வட்டின் ஒரு மூலையில் நேர்ந்த சிறு பிசகு. அந்தப் பிசகைக் கண்டறியும் அறிவைக் கற்பிக்காததும், சாவியை வேறொருவர் கையில் விட்டுவிட்டு இயந்திரங்களை வாங்கிக் குவிப்பதும் கல்வி நிறுவனங்களின் தவறுகள். அவற்றுக்கான தண்டனையை மட்டும் மாணவர் ஏற்கிறார்.

1. நிறுவியது குற்றமா?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 சில்லு, செக்யூர் பூட் வசதி, இன்டெல் வகையானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலி. 2016இல் வாங்கிய மடிக்கணினி எத்தனை நன்றாக உழைத்தாலும் அந்தப் பட்டியலில் இடம்பெறாது. 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதுவும் தேர்வில் வென்றவர்களுக்கு மட்டும். எந்த உதவித்தொகையும் இல்லாமல் ஆய்வு செய்வோர் பலர். உணவு, வாடகை, வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக மிஞ்சுவதில் புதுக் கணினி வாங்க எத்தனை மாதம் பட்டினி கிடப்பது? பழைய கணினியில் லினக்ஸை நிறுவிக்கொள்வதே அவர்முன் உள்ள நேர்மையான வழி.

புதுக் கணினி உடையவருக்கும் அதே தேவை வேறு வழியில் வருகிறது. 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 மீக்கணினிகளும் லினக்ஸிலேயே இயங்குகின்றன. தேசிய மீக்கணினித் திட்டத்தின்கீழ் கரக்பூர் ஐஐடியில் நிறுவப்பட்ட பரம் சக்தியும், கொல்கத்தாவின் சத்தியேந்திரநாத் போஸ் மையத்தில் 2024இல் அர்ப்பணிக்கப்பட்ட பரம் ருத்ராவும் அதற்கு விலக்கல்ல. மூலக்கூறு இயக்கவியலுக்கு குரோமாக்ஸ், பாய்ம இயக்கவியலுக்கு ஓப்பன்ஃபோம், திண்மப் பொருளியற்பியலுக்கு குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ எனத் துறைதோறும் வழங்கும் கருவிகள் லினக்ஸையே இயல்பான வாழிடமாகக் கொண்டவை. அந்தக் கணினிகளுக்கு வேலை அனுப்புகிறவர் தம் மேசையிலும் அதே சூழலை வைத்துக்கொள்ள விரும்புவதை மீறல் என்று அழைப்பது வேடிக்கை.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டலாமே என்பார் உண்டு. ஓட்டலாம்; நினைவகம் தாராளமாக உள்ள புதிய இயந்திரத்தில் அது நல்ல ஏற்பாடுதான். 4 ஜிபி நினைவகமும் ஆதரவு முடிந்த விண்டோஸும் உள்ளவரிடம் அதைச் சொல்வது, பசித்தவனிடம் விருந்துக்குப் போ என்பதற்கு ஒப்பாகும்.

2. ஹவுரா மறந்த பாடம்

"யார் உன்னைத் திறக்கச் சொன்னது?" என்ற கேள்வி வேறெந்த ஊரில் எழுந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். கிழக்கின் ஷெஃபீல்ட் என்று பெயரெடுத்த ஊர் ஹவுரா. பெலிலியஸ் சாலையையும் அதன் கிளைச் சந்துகளையும் ஒட்டிய லேத் பட்டறைகளும் வார்ப்பாலைகளும் தேய்ந்துபோன ஒரு பாகத்தைக் கையில் வாங்கி, அளந்து, வரைபடம் இல்லாமலேயே அதன் இணையைக் கடைந்து கொடுத்து வளர்ந்தவை. இயந்திரம் நின்றால் திறந்து பார்ப்பது அங்கே குற்றமாக இருந்ததில்லை. திறக்கத் தெரியாதவருக்குத்தான் வேலையில்லை.

ஷிப்பூரில் உள்ள பொறியியல் கல்வி நிறுவனத்தின் வேர் 1856க்குச் செல்கிறது. கொல்கத்தாவில் தொடங்கிய அக்கல்லூரி 1880இல் ஹூக்ளியைக் கடந்து ஹவுராவுக்கு வந்தது. 2014இல் இந்தியப் பொறியியல் அறிவியல் தொழில்நுட்பக் கழகமாயிற்று. ஆற்றின் மறுகரையில், வடக்கே பராநகரில் இந்தியப் புள்ளியியல் கழகம் இருக்கிறது. இந்தியாவுக்கு வந்த முதல் எண்முறைக் கணினியான ஹெச்இசி-2எம் அங்குதான் 1956இல் இயங்கத் தொடங்கியது. பத்தே ஆண்டுகளில், 1966இல், அதே கழகமும் ஜாதவ்பூர் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஐஎஸ்ஐஜேயு-1 என்ற டிரான்சிஸ்டர் கணினியைத் தாமே கட்டி இயக்கின. இறக்குமதியான இயந்திரத்தோடு பத்தாண்டு பழகியபின் சொந்த இயந்திரத்தை எழுப்பிய ஊர் இது.

அன்று ஒரு கணினியை நிறுவுவது என்றால் அதன் ஒவ்வொரு படியையும் அறிவது என்று பொருள். இன்று அதே ஆற்றின் இருகரைகளிலும் ஆய்வுப் பட்டம் பெறப்போகும் ஒருவர், மின்விசையை அழுத்தியபின் முதல் பத்து நொடிகளில் தம் கணினிக்குள் நடப்பது என்ன என்று சொல்ல முடியாதவராக இருக்கிறார். நிலைமை ஹவுராவில் மட்டும் இப்படி என்பதில்லை. சென்னையிலும் மதுரையிலும் திருச்சியிலும் இதுவே. ஹவுராவில் அது கூடுதலாக உறுத்துகிறது, அவ்வளவுதான்.

3. அந்தப் பத்து நொடி

மின்விசையை அழுத்தியதும் விழிப்பது விண்டோஸும் அன்று, லினக்ஸும் அன்று. தாய்ப்பலகையில் உறையும் ஒரு சிறு மென்பொருள் விழிக்கிறது. பழக்கத்தில் அதற்குப் பெயர் பயாஸ். இன்றைய வடிவம் யூஇஎஃப்ஐ. அது நினைவகத்தையும் உறுப்புகளையும் சரிபார்த்துவிட்டு, தன்னிடமுள்ள ஒரு பட்டியலைப் படிக்கிறது: எந்த வட்டில், எந்தக் கோப்பை முதலில் எழுப்ப வேண்டும் என்ற பட்டியல். அந்தக் கோப்பு வட்டின் தனிப்பகுதி ஒன்றில் இருக்கும். விண்டோஸ் தானாக நிறுவும்போது அப்பகுதிக்கு ஒதுக்குவது வழக்கமாக 100 எம்பி. அங்குள்ள எழுப்பி நிரல் எழுந்து, இயங்குதளத்தின் கருவை அழைக்கிறது. அதற்குப் பின்னரே மாணவர் அறிந்த திரை வருகிறது.

ஆய்வேடு இருப்பது 500 ஜிபி வட்டின் வேறொரு பகுதியில். கோளாறு நேர்ந்திருப்பது பெரும்பாலும் அந்த 100 எம்பி மூலையிலோ தாய்ப்பலகையின் பட்டியலிலோ. வாசற்கதவின் பூட்டு சிக்கிக்கொண்டதற்காக வீட்டை இடிப்பவர் எவரும் இல்லை. கணினியில் மட்டும் அது அன்றாடம் நடக்கிறது.

எங்கே நின்றது என்பதை இயந்திரமே சொல்கிறது. கேட்பதற்கு ஒழுங்கு ஒன்றுதான் வேண்டும்.

நிறுவனத்தின் இலச்சினைகூடத் திரையில் வரவில்லை என்றால், புதிய இயங்குதளத்தின்மேல் ஐயம் கொள்ள இடம் குறைவு. மின்னூட்டம், நினைவகம், திரை ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். மின்னிணைப்பைக் கழற்றிவிட்டு விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து விடுவதால் மட்டுமே உயிர்பெறும் மடிக்கணினிகள் உண்டு.

இலச்சினை வந்து, எழுப்புவதற்கு உரிய வட்டு எதுவும் இல்லை என்ற செய்தி வந்தால், யூஇஎஃப்ஐயின் பட்டியலில் பதிவு விடுபட்டிருக்கலாம். நிறுவும் யூஎஸ்பியைப் பழைய பயாஸ் முறையில் எழுப்பி, அம்முறையிலேயே லினக்ஸை நிறுவிவிட்டுக் கணினியை யூஇஎஃப்ஐ முறையில் விட்டிருந்தாலும் இதே செய்திதான். இரு இயங்குதளங்களையும் ஒரே முறையில் வைத்து, விடுபட்ட பதிவைச் சேர்த்தால் கணினி எழும். விண்டோஸை இரண்டாவதாக நிறுவியவருக்கு லினக்ஸ் 'காணாமல்' போவதும் இவ்வகையே: பட்டியலில் விண்டோஸ் தன்னை முதலில் எழுதிக்கொண்டது, லினக்ஸ் தன் இடத்திலேயே இருக்கிறது.

கருந்திரையில் கிரப் மீட்பு என்ற ஒற்றை வரி நின்றால், எழுப்பி நிரலின் முதல் பாதி எழுந்து, மறுபாதியைக் காணாமல் தவிக்கிறது. விண்டோஸுக்குள்ளிருந்து லினக்ஸ் பகுதியை நீக்கியவர்கள் இதைச் சந்திப்பார்கள். அவர்களுடைய விண்டோஸ் கோப்புகளுக்கு எந்தக் கேடும் இல்லை.

நிறுவும்போது வட்டே கண்ணில் படவில்லை என்றால், இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி எனும் அமைப்பு வட்டுக்கு முன்னால் திரையாக நிற்கக்கூடும். அதை ஏஹெச்சிஐ என்று மாற்றியவுடன் லினக்ஸ் வட்டைக் காணும்; ஆனால் விண்டோஸ் நீலத்திரையில் விழும். பதறிப்போய்க் கடைக்கு ஓடுகிறவர்கள் இங்கேதான் மிகுதி. மாற்றியதை முன்பிருந்தபடி வைத்தாலே விண்டோஸ் திரும்பிவிடும். விண்டோஸைப் பாதுகாப்பு முறையில் ஒருமுறை எழச்செய்து, அந்த இடைவெளியில் அமைப்பை மாற்றினால் இரண்டும் ஒத்துப்போகும்.

கிரப் பட்டியல் வந்து, லினக்ஸைத் தேர்ந்தபின் திரை கறுத்தால், ஐயத்துக்கு உரியது வரைகலை இயக்கி. கருவுக்கு ஒரு கட்டளைச் சொல்லைச் சேர்த்து எழுப்பி, உரிய இயக்கியை நிறுவுவதே தீர்வு.

இந்த ஐந்து நிலைகளில் எதுவும் ஃபார்மட்டைக் கேட்கவில்லை. எல்லா நிலைகளுக்கும் பொதுவான முதல் வேலை வேறொன்று: நிறுவப் பயன்பட்ட அதே யூஎஸ்பியிலிருந்து லினக்ஸை நிறுவாமலேயே எழுப்பி, உள்வட்டைத் திறந்து, ஆய்வேட்டையும் தரவையும் வெளிவட்டுக்கு நகலெடுப்பது. நகல் கைக்கு வந்தபின் எந்தச் சோதனையையும் அஞ்சாமல் செய்யலாம்.

4. ஒரே ஒரு விதிவிலக்கு, அதுவும் பூட்டு

தரவு பத்திரமாக இருக்கிறது என்று சொல்வதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. கணினி எழும்போது நீலத்திரை ஒன்று 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டால், வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது. அந்த எண் இல்லாமல் தரவை மீட்க வழியில்லை. அதை அறிந்தவர் சொன்னாலும் சரி, அறியாதவர் பணம் கேட்டாலும் சரி.

இந்த மறையாக்கத்தை மாணவர் கேட்டு வாங்கவில்லை. 2024 அக்டோபரில் வெளியான விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் அது தானாகவே தொடங்கிவிடும். செக்யூர் பூட் நிலையையோ எழுப்பும் முறையையோ மாற்றினால், தனக்குள் வைத்திருந்த சாவியை டிபிஎம் சில்லு தர மறுக்கும். திருடனிடமிருந்து தரவைக் காக்க அது நல்ல காவல். ஆனால் காவல் இருப்பதே தெரியாத வீட்டுக்காரருக்கு, காவலாளி தம்மையே தடுக்கும்போதுதான் செய்தி தெரிகிறது. சாவியின் படி எங்கோ ஒரு மின்னஞ்சல் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கைக் கடையில் அமைத்துக் கொடுத்தவர் யாரோ, கடவுச்சொல் எதுவோ.

இயங்குதளத்தை நிறுவுமுன் அந்த 48 இலக்கங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஒற்றை வரியை, ஆய்வு மாணவர் சேர்க்கையின்போது தரப்படும் எத்தனையோ படிவங்களில் ஒன்றிலேனும் அச்சிட முடியாதா? கருத்துத்திருட்டுச் சோதனைக்கு எத்தனை விழுக்காடு வரை அனுமதி என்று பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த நிறுவனங்களுக்கு இது கடினமான வேலையன்று.

5. சாவி யாரிடம்?

எல்லாவற்றையும் முறையாகச் செய்த மாணவரின் கணினியும் ஒரு நாள் எழாமல் போகலாம். 2024 ஆகஸ்ட் 13 அன்று அதுதான் நடந்தது. அன்று வந்த விண்டோஸ் புதுப்பிப்பு, பழைய எழுப்பி நிரல்களைத் தடைசெய்யும் ஒரு பட்டியலை யூஇஎஃப்ஐயில் எழுதியது. இரு இயங்குதளங்கள் உள்ள கணினிகளை இது தொடாது என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருந்தது. தொட்டது. உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் உள்ளிட்டவற்றை விண்டோஸோடு சேர்த்து வைத்திருந்த பல கணினிகளில் லினக்ஸ் எழவில்லை. ஏதோ மிகப் பெரிய தவறு நேர்ந்துவிட்டது என்று பொருள்படும் ஓர் ஆங்கில வரியே திரையில் நின்றது. யாருடைய தவறு என்பதை அந்த வரி சொல்லவில்லை. முழுத் தீர்வு 2025 மே மாதப் புதுப்பிப்பில்தான் வந்தது. ஒன்பது மாதங்கள்.

அந்த ஒன்பது மாதத்தில் எத்தனை துறைகளில், "யார் உன்னை லினக்ஸ் போடச் சொன்னது?" என்ற கேள்வி கேட்கப்பட்டிருக்கும்!

இதன் பின்னணி எளிது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில், ஏற்கப்பட்ட கையொப்பம் உள்ள நிரல் மட்டுமே எழலாம். கடையில் வாங்கும் மடிக்கணினிகளில் பொதுவாகப் பதிந்திருப்பது மைக்ரோசாஃப்டின் சான்றிதழ். ஆகவே லினக்ஸின் முதல் எழுப்பி நிரலான ஷிம் என்பதும் மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்றே எழுகிறது. 2012இல் விண்டோஸ் 8க்கான சான்றளிப்பு விதிகள், இன்டெல் வகைக் கணினிகளில் இந்தக் காவலை நிறுத்தவும் சொந்தச் சாவியைச் சேர்க்கவும் உரிமையாளருக்கு வழி இருக்க வேண்டும் என்றன. ஆர்ம் வகைக் கணினிகளில் நிறுத்தவே கூடாது என்றன. விண்டோஸ் 10 வந்தபோது, நிறுத்தும் வசதியைத் தருவதும் தராததும் தயாரிப்பாளர் விருப்பம் என்றாயிற்று. 2011இல் வழங்கப்பட்ட அச்சான்றிதழ்களின் காலம் 2026 ஜூன் முதல் முடியத் தொடங்குகிறது. பழைய கணினிகள் அன்றே நின்றுவிடப் போவதில்லை. ஆனால் புதிய சான்றிதழ் சேராத இயந்திரம், பின்னாளில் புதிய கையொப்பத்தோடு வரும் எழுப்பி நிரலை ஏற்காது. அப்போதும் பழி மாணவர்மேல்தான் விழும்.

பாதுகாப்பு வேண்டாமா என்று கேட்போருக்கு விடை உண்டு. வேண்டும். எழும் கட்டத்திலேயே புகும் தீநிரல்கள் கற்பனையல்ல. 2020இல் கிரப் நிரலிலேயே பூட்ஹோல் என்ற ஓட்டை கண்டறியப்பட்டது. 2023இல் பிளாக்லோட்டஸ் என்ற தீநிரல் செக்யூர் பூட்டையே தாண்டியது. காவல் தேவை என்பதை மறுப்பவர் எவரும் இல்லை. வழக்கு காவலாளியை நியமிப்பது யார் என்பதைப் பற்றியது. 2024 ஜூலையில் வெளியான பிகேஃபெயில் ஆய்வு, நூற்றுக்கணக்கான கணினி மாதிரிகளில் தலைமைச் சாவியாகப் பதிந்திருந்தது வெறும் சோதனைச் சாவி என்று காட்டியது. நம்பவேண்டா என்று பொருள்படும் எச்சரிக்கையை அச்சாவி தன் பெயரிலேயே சுமந்திருந்தது. தயாரிப்பாளர்கள் அதைப் படிக்காமலேயே இயந்திரங்களை விற்றிருக்கிறார்கள். இத்தகையோர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு, ஆய்வு மாணவரைப் பார்த்து "உனக்கு எதற்கு இந்த வேலை" என்பது பாதுகாப்புச் சிந்தனை ஆகாது.

6. கடைக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை

ஃபார்மட் அடிப்பவரை வில்லனாக்குவது எளிது; அது நியாயமும் அன்று. ஹவுரா பாலத்தைக் கடந்து சாந்தினி சந்தைக்குச் சென்றால், தாய்ப்பலகையின் மணல்மணி போன்ற உறுப்பைக்கூட உருப்பெருக்கியின்கீழ் வைத்து மாற்றும் கைகளைக் காணலாம். அவர்களுக்குத் திறமை குறைவில்லை. தயாரிப்பாளர்கள் சுற்றுவரைபடங்களைத் தருவதில்லை, கண்டறியும் கருவிகளைத் தருவதில்லை. வாடிக்கையாளரோ மாலைக்குள் வேண்டும் என்கிறார். ஃபார்மட் நேரக்கணக்கு தெரிந்த வேலை. கண்டறிவது தெரியாத வேலை. முன்னதற்குக் கூலி உண்டு, பின்னதற்கு இல்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுநீக்கும் உரிமைக்கான தளத்தைத் தொடங்கிற்று. தளம் இருக்கிறது, அந்த உரிமையைத் தயாரிப்பாளர்மேல் கட்டாயமாக்கும் தனிச்சட்டம் இல்லை.

கடைக்காரருக்கு நேரமில்லை என்பதை ஏற்கலாம். பல்கலைக்கழகத்துக்கு நேரமில்லை என்பதை எப்படி ஏற்பது? காரணத்தைத் தேடுவதற்கென்றே மக்கள் பணத்தில் நடக்கும் இடம் அது.

தமிழ்நாட்டின் சான்று இங்கே பொருந்தும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் இலட்சக்கணக்கான எளிய வீடுகளுக்கு முதல் கணினியைக் கொண்டு சேர்த்தது. அது பெருஞ்செயல். அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பின்னர் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் விண்டோஸுடன் உபுண்டுவும் இடம்பெற்றது. வழி சரியானதே. ஆயினும் பாடம் எழுந்தபின் வரும் திரையிலிருந்தே தொடங்கியது. கோப்பைத் திறப்பதும் மூடுவதும் கற்பிக்கப்பட்டன. கணினியே திறக்காவிட்டால் செய்வது என்ன என்பது கற்பிக்கப்படவில்லை. கல்லூரியிலும் இயங்குதளம் என்ற தாள் உண்டு. செயல்முறைத் திட்டமிடல், முட்டுக்கட்டை நிலை, பக்கமாக்கல் எல்லாம் அதில் வரும். முழு மதிப்பெண் பெற்றவரும் ஓர் இயங்குதளத்தைத் தம் கையால் நிறுவாமலேயே பட்டம் பெற்றுவிடலாம்.

கேரளம் வேறு பாதையில் சென்றது. அங்கே அரசுப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட தனி வெளியீட்டை கைட் நிறுவனம் பராமரிக்கிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் குழுக்கள் பள்ளிகளில் இயங்குகின்றன. இயங்குதளத்தை மாற்றுவது ஒரு சமூகத்தால் முடியாத மாயவித்தை அன்று என்பதற்கு அது போதிய சான்று.

7. கேட்க வேண்டியவை

ஒன்று: பொதுப்பணத்தில் வாங்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஒப்பந்தப்புள்ளியில் ஒரு நிபந்தனை சேர வேண்டும். செக்யூர் பூட்டை நிறுத்தவும், சொந்தச் சாவியைப் பதியவும் உரிமையாளருக்கு வழி இருக்க வேண்டும். பயாஸ் கடவுச்சொல் இருந்தால் அது பயனரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். கட்டற்ற மென்பொருளை ஏற்பதற்கான மத்திய அரசின் கொள்கை 2015லேயே வந்துவிட்டது. அதை எழவிடாத இயந்திரத்தை வாங்குவது அக்கொள்கையைக் கேலி செய்வதாகும்.

இரண்டு: ஒவ்வொரு பல்கலைக்கழகக் கணினி மையத்திலும், வாரம் ஒரு மாலையேனும், எழாத கணினிகளுக்கென ஒரு மேசை வேண்டும். அதற்குத் தேவை நான்கு யூஎஸ்பிகளும் இரண்டு வெளிவட்டுகளும் பொறுமையுள்ள இரு மாணவர்களும். மேசையின்மேல் ஒரே விதி எழுதப்பட்டிருக்கட்டும்: நகல் எடுக்காமல் எதையும் அழிக்காதே.

மூன்று: ஆய்வுக்குப் பதிவுசெய்யும் ஒவ்வொருவருக்கும் நிறுவனத்தின் சேமிப்பகத்தில் தரவுக்கு இடம் தரப்பட வேண்டும். ஆய்வேடு ஒரே மடிக்கணினியில் மட்டும் இருப்பது மாணவரின் கவனக்குறைவாக மட்டும் தோன்றுகிறது. இடமே தராத நிறுவனத்தின் கவனக்குறைவு அதற்கு முந்தியது.

நான்கு: ஆய்வுநெறிமுறைத் தாளில் ஒரு செய்முறை வகுப்பு சேரட்டும். பழைய கணினி ஒன்றில் இரு இயங்குதளங்களை நிறுவி, எழுப்பும் பதிவை வேண்டுமென்றே நீக்கி, மீண்டும் எழுப்பிக் காட்டுவதே அதன் தேர்வு. ஆய்வாளர் எதற்குக் கணினி மெக்கானிக் ஆக வேண்டும் என்பார்க்கு ஒன்று நினைவூட்டலாம்: நிறமாலைமானியை அளவுதிருத்தம் செய்யத் தெரியாத வேதியியலாரின் அளவீட்டை எவரும் நம்புவதில்லை. இன்று எல்லாத் துறைக்கும் பொதுவான ஆய்வுக்கருவி கணினி.

ஐந்து: இந்தப் பத்து நொடியைப் பற்றிய கையேடு தமிழிலும் வங்காளத்திலும் வேண்டும். எட்டுப் பக்கம் போதும். எந்தச் செய்தி வந்தால் என்ன பொருள், முதலில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று இருந்தால் போதும். தமிழ்க் கணிமைக்குக் கலைச்சொற்கள் குறைவில்லை. சிக்கிக்கொண்டவர் அச்சமின்றிப் படிக்கத்தக்க உரைநடைதான் குறைவு. அதை எழுத வேண்டியவர்கள் இப்போது விடுதிகளில் ஆய்வு செய்துகொண்டிருப்பவர்களே.

இவற்றில் எதற்கும் புதிய சட்டமோ கோடிக்கணக்கான நிதியோ தேவையில்லை. ஒன்றும் இரண்டும் மூன்றும் ஒரு பதிவாளரின் சுற்றறிக்கையில் முடியக்கூடியவை. நான்காவதற்கு ஒரு பாடத்திட்டக் குழுக் கூட்டம் போதும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இவற்றைச் சேர்க்குமாறு ஆய்வு மாணவர் அமைப்புகள் எழுத்தில் கேட்க வேண்டும். அதுவரை, எழாத மடிக்கணினியோடு வாசலில் நிற்கும் மாணவரிடம் துறைகள் கேட்கத்தக்க முதல் கேள்வி ஒன்றே: "திரையில் என்ன செய்தி வந்தது?"